சென்னை – தூத்துக்குடி ஏடிஆர் விமானம்: மூட்டு மாற்று சிகிச்சை செய்த அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாம்பரம்_செல்வி:

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் கால் இப்போது நன்றாக இருக்கிறது. வலது முழங்கால்தான் மடங்க மறுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் அதை நீட்டியே வைத்திருப்பார்.

தை மாதம் ஏரலில் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு. மூத்தவள் வந்து விளக்கேற்ற வேண்டும் என்று மாமா, சித்தி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அம்மாவும் போயே தீர வேண்டும் என்கிறார். இதுவரை எப்போதும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். ஆனால் இரவில் எப்படியும் சில தடவை கழிவறைக்குப் போக வேண்டும். ஆடுகிற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் விமானம். ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம்தான் காட்டுகிறது. முழுக்க எகானமிதான், வேறு வகுப்பும் அதில் கிடையாது.

எனக்குத் தெரிய வேண்டியவை: விமானத்துக்குள் எத்தனை படி ஏற வேண்டும்? எந்த இருக்கை எடுத்தால் அந்தக் காலை நீட்டலாம்? காலுக்குள் உலோகம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் சிரமம் வருமா? சீர் சாமானாகக் குத்துவிளக்கு, தாம்பாளம், தேங்காய் எல்லாம் கொண்டுபோக வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம். நல்லபடியாக அமைய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தரைப்பணி_மணி:

தாராளமாக அழைத்துப் போங்கள் அம்மா. நான் சென்னை விமான நிலையத்தில் தரைப்பணியில் பல வருடம் இருந்தவன். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஏடிஆர் நல்ல விமானம் என்றே சொல்வேன்.

காரணம் படி. ஏடிஆர் 72 தரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கும், அந்தக் கதவே கீழே மடிந்து படிக்கட்டாகிவிடும். ஐந்தாறு படிதான், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. பெரிய விமானத்துக்கு ஏணி வண்டி வைத்தால் அதில் இருபது படி போல ஏற வேண்டும். கழிவறையும் பின்பக்கம்தான். அதனால் கடைசி நாலைந்து வரிசைக்குள் இருக்கை எடுங்கள். நடையும் குறைவு, முன்னால் இருக்கும் புரொப்பெல்லர் இரைச்சலும் அங்கே குறையும். ஒரு பக்கத்துக்கு இரண்டே இருக்கை, நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை.

இனி அந்த வலது கால். விமானத்தின் இடது பக்கத்தில் நடைபாதையை ஒட்டிய இருக்கையை எடுங்கள். அங்கே உட்கார்ந்தால் வலது கால் நடைபாதைப் பக்கம் வரும். நடுவில் தள்ளுவண்டி வராத நேரத்தில் நீட்டிக்கொள்ளலாம். விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் வரிசையில் இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் ஏடிஆரில் அவசர வழி அங்கேதான் இருக்கிறது. சக்கர நாற்காலிப் பயணிக்கு அதைத் தர மாட்டார்கள். அதற்குக் கூடுதல் பணம் கட்டிவிட வேண்டாம்.

சக்கர நாற்காலிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதிலும் வகை உண்டு. டபிள்யூ.சி.ஹெச்.ஆர் என்றால் தூரம்தான் நடக்க முடியாது, படி ஏறுவார் என்று அர்த்தம். டபிள்யூ.சி.ஹெச்.எஸ் என்றால் படியும் ஏற மாட்டார். ஆர் என்று பதிவாகியிருந்தால் படிக்கட்டு அடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு 'ஏறுங்கம்மா' என்பார்கள். எஸ் என்றால் சாய்தளமோ ஒடுக்கமான தூக்கு நாற்காலியோ ஏற்பாடு செய்வார்கள். இன்றைக்கே உங்கள் வீட்டுப் படியில் அம்மாவை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு எது வேண்டும் என்று முடிவெடுங்கள். தூத்துக்குடியில் 2025இல் புது முனையம் திறந்துவிட்டார்கள், முனையத்திலிருந்து விமானக் கதவு வரை நேராக நடந்துபோகும் ஏரோபிரிட்ஜும் இருக்கிறது. ஆனால் ஏடிஆர் தாழ்வான விமானம் என்பதால் தரையில்தான் இறங்க வேண்டியிருக்கும். இங்கே கேட்ட உதவியை அங்கேயும் உறுதிப்படுத்துங்கள்.

கோவில்பட்டி_சரவணன்:

என் அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் உலோகம். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கதவுச் சட்டத்துக்குள் நுழைந்ததும் சத்தம் வரும், அது வரத்தான் செய்யும். மருத்துவர் சீட்டைக் காட்டினாலும் சோதனையில்லாமல் விட மாட்டார்கள். சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்தி, திரைக்குப் பின்னால் பெண் காவலர் கைக்கருவியை முழங்கால்மீது ஓட்டிப் பார்ப்பார். தழும்பைக் காட்டச் சொன்னால் அங்கேயே காட்டிவிடலாம். 'முட்டி மாத்தியிருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு அம்மாவுக்குத் தளர்வான சேலை, கழற்ற எளிதான செருப்பு.

சாமானைப் பொறுத்தவரை, குத்துவிளக்கைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்யுங்கள். அதன் முனை கூர்மை, கையில் எடுத்துப் போக விட மாட்டார்கள். வழக்கமாக செக்-இன் பெட்டிக்கு ஆளுக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. பித்தளை சீக்கிரமே எடையைத் தின்றுவிடும், வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். கற்பூரம், தீப்பெட்டி எதிலும் கூடாது. கொப்பரையும் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று தடை. தேங்காயை ஏரலிலேயே வாங்கிவிடுங்கள். பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான்.

நெல்லை_பயணி:

மேடம், வந்தே பாரத்தையும் ஒருமுறை யோசியுங்கள். தாம்பரத்திலேயே ஏறலாம், மதியம் ஏறினால் இரவு நெல்லை. 2023 செப்டம்பரிலிருந்து நாங்கள் அதில்தான் போகிறோம். கழிவறை சுத்தமாக இருக்கிறது.

தரைப்பணி_மணி:

நல்ல ரயில்தான் தம்பி. ஆனால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். மடங்காத காலோடு அது கஷ்டம். இறங்கிய பிறகு இரவில் ஏரல் வரைக்கும் காரில் வேறு போக வேண்டும். விமானம் ஒன்றரை மணி நேரம், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து பகலிலேயே வீட்டுக்குப் போய்விடலாம்.

தாம்பரம்_செல்வி:

அண்ணா, சரவணன், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி படியில் ஏறச் சொன்னேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டார், என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதனால் எஸ் வகையே கேட்டுவிட்டேன். இடது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது வரிசை கிடைத்தது. இன்னும் ஒன்று மட்டும்: காலை, மதியம் இரண்டு வேளையும் விமானம் காட்டியது. காலையில் போட்டிருக்கிறேன், சரிதானே?

தரைப்பணி_மணி:

மிகச் சரி. ஏடிஆர் பெரிய ஜெட் அளவு உயரத்தில் பறக்காது. வெயில் ஏற ஏறத் தரைச் சூட்டில் காற்று குலுக்கும், காலையில் அது குறைவு. இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்க ஒரு மிட்டாய் கொடுங்கள். சளி இருந்தால் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலிக்கு ஆள் வரவும் நேரம் ஆகும். இரண்டரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.