பழைய ஸ்பிளெண்டர் வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். மதுரையில் 2017ஆம் ஆண்டு பதிவான ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஒன்று விலைக்கு வந்துள்ளது. மீட்டர் 31,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கடனை முழுவதும் அடைத்துவிட்டதாக உரிமையாளர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
நீங்கள் போய்ச் சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஐயா. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். எஞ்சின் சூடேறிய பிறகும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது நீலப் புகை வந்தால், உள்ளே ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கக்கூடும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லிவிட்டு, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) மாற்ற வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கால் வைக்கும் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் வண்டி அதைவிட அதிகம் ஓடியிருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

மறுமொழி 3:
சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யுடன் (வண்டியின் பதிவுச் சான்று) ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். கடன் அடைந்திருந்தாலும், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் ஆர்.சி.யிலிருந்து அடமானப் பதிவு நீங்காது. என் தம்பி இதைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு, பெயர் மாற்ற மாதக்கணக்கில் அலைந்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் முன்னிலையில் கையொப்பமிட்ட பிறகே முழுத் தொகையைக் கொடுங்கள்.