தகாவோ ஜிங்கோஜி: இலை சிவக்கும் வாரத்தில் போகிறவர்களுக்கு

கியோட்டோவுக்கு நவம்பர் கடைசியில் டிக்கெட் போட்டுவிட்டு, பட்டியலில் தகாவோவில் இருக்கும் ஜிங்கோஜி புத்தக் கோயிலையும் சேர்க்கிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். நகருக்குள் இலை சிவப்பது நவம்பர் பின்பாதியில். டிசம்பர் தொடக்கம் வரைகூட இழுக்கும். தகாவோ வடமேற்கே மலைக்குள் இருப்பதால் ஒரு வாரம், பத்து நாள் முந்திவிடும். நகரம் உச்சத்தில் இருக்கும்போது அங்கே பாதி இலை தரையில் கிடக்கும்.

காலண்டரைவிட இரவுக் குளிரைக் கவனியுங்கள். குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நிறம் மாறத் தொடங்கும். 5, 6 டிகிரியில் வேகம் பிடிக்கும். கோடையில் வெயில் வாட்டி மழையும் பொய்த்த வருடம் என்றால் இலை நுனி சுருண்டு கருகிவிடும். அப்படிப்பட்ட வருடத்தில் தள்ளி நின்று பார்த்தால்தான் அழகு.

•••

போகிற வழி: கியோட்டோ ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து தகாவோ போகும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பேருந்து. ‘யமஷிரோ தகாவோ’ நிறுத்தம், சுமார் 50 நிமிடம். பின்கதவில் ஏறி முன்கதவில் காசு கொடுத்து இறங்க வேண்டும். 1100 யென் சுரங்க ரயில்–பேருந்து ஒருநாள் சீட்டு இந்த வழிக்கும் செல்லும்.

நவம்பர் சனி, ஞாயிறு என்றால் 50 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். மலைக்குப் போவது ஒரே சாலை, சொந்தக் காரில் வருகிற கூட்டமும் அதில்தான். வார நாளில், கோயில் திறக்கும் 9 மணிக்கு வாசலில் நிற்கிற மாதிரி கிளம்புவது நல்லது. வழியில் ஏறினால் கடைசிவரை நின்றுகொண்டே போக நேரும். புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள்.

•••

மலைக்கோயில் என்றதும் பேருந்தை விட்டு இறங்கியவுடன் ஏற்றம் என்று நினைக்க வேண்டாம். முதலில் இறக்கம். கியோத்தகி ஆறு வரை இறங்கி, பாலத்தைத் தாண்டியபின்தான் ஏறவேண்டும். வாசல் கோபுரம் வரை ஏறக்குறைய 400 கல்படிகள். ஒரு படி சாண் உயரம், அடுத்தது அதில் பாதி, நடுவில் சாய்ந்த கல் என்று ஒரே சீராக இருக்காது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் ஆபத்து. ஈரமான மேப்பிள் இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு, ஷூ வேண்டாம். திரும்பும்போது ஆற்றிலிருந்து சாலைக்கு மறுபடியும் ஏற வேண்டும், அதற்கும் காலில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வையுங்கள்.

நுழைவுக் கட்டணம் 1000 யென், ரொக்கமாக வைத்திருங்கள். மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள்.

•••

மூடும் நேரத்தோடு வெளிச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் 3 மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். வெயில் போனால் சிவப்பு செங்கல் நிறமாக மங்கிவிடும். மேப்பிளை வெயில் படும் பக்கமிருந்து பார்க்காமல், மரத்துக்கு அடியில் போய் இலையின் ஊடாக வானத்தைப் பாருங்கள். நரம்பு நரம்பாகத் தெரியும். வெளிக்கிளை சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, நிழலில் இருக்கும் உள்கிளை இன்னும் பச்சை, மூன்றும் ஒரே மரத்தில்.

இங்கே நிறைந்திருப்பது ‘இரோஹா மொமிஜி’ என்ற மேப்பிள். இலையின் விரல்களை, பழைய ஜப்பானிய எழுத்து வரிசைப் பாடல் தொடங்குகிற ‘இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே, தோ’ என்று ஏழாக எண்ணுவதால் வந்த பெயர். நாம் அ, ஆ, இ, ஈ என்று எண்ணுகிற மாதிரி. அந்தப் பாடலை இயற்றியவர் பௌத்தத் துறவி கூகாய் என்பது மரபு (ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை). அதே கூகாய் 809 முதல் தங்கியிருந்தது இந்த மலையில்தான்.

அதிகம் படம் எடுக்கப்படும் இடம், பிரதான மண்டபத்துக்கு ஏறும் அகலமான படிக்கட்டு. எல்லோரும் கீழே நின்று எடுக்கிறார்கள். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் மண்டபக் கூரைகள் சிவப்புக்குள் மூழ்கிக் கிடப்பது தெரியும். எனக்கு அதுதான் மேல்.

•••

இலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். படிக்கட்டின் உச்சியில் இருக்கும் அந்த மண்டபத்துக்குள் யகுஷி நியோராய், அதாவது மருத்துவப் புத்தர், நிற்கிறார். ஒரே மரத்தில் செதுக்கியது, கிட்டத்தட்ட ஆள் உயரம், இடக்கையில் மருந்துச் சிமிழ். உதட்டில் சிவப்பு, மற்றபடி வெறும் மரம். சாந்தமான புத்தரை எதிர்பார்த்துப் போனால் திடுக்கிடுவீர்கள். முகத்தில் அப்படி ஒரு கடுமை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும், படம் எடுக்கக்கூடாது. இருட்டு பழகக் கண்ணுக்கு இரண்டு நிமிடமாவது கொடுங்கள்.

875ஆம் ஆண்டு வார்த்த மணி ஒன்றும் இங்கே உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற மூன்று மணிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அது மணிக்கூண்டுக்குள் அடைப்பில் இருக்கிறது, வெளியிலிருந்து கூண்டைத்தான் பார்க்கலாம்.

•••

கவராகே என்ற மண்தட்டு எறிவதும் இங்கே உண்டு. வளாகத்தின் மேற்குக் கோடியில் ஜிசோஇன் பக்கம், மெருகிடாத சின்ன மண்தட்டு விற்பார்கள். கெட்டது தொலையட்டும் என்று அதைக் கீழே கின்உன்கியோ பள்ளத்தாக்கில் வீசவேண்டும். பலம் கொண்ட மட்டும் கல் மாதிரி எறிகிறவர்களுடையது பத்தடியில் மூக்குக் குப்புற விழுகிறது. குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, விளிம்பை ஆள்காட்டி விரலால் அணைத்து, தரைக்குச் சமமாக மணிக்கட்டால் சுண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பறக்கும் தட்டு விடுகிற அதே கை. எதிர்காற்று அடித்தால் சற்றுப் பொறுங்கள். தட்டு லேசானது, திரும்பி நம் பக்கமே வந்துவிடும்.

•••

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜிங்கோஜிக்கு வேண்டாம். அதே பேருந்தில் இன்னும் சற்றுத் தூரம் போய் தோகானோஓ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கே கோசான்ஜி கோயிலின் செகிசுயின் கட்டடத்துக்குச் சில நிமிட ஏற்றம்தான், திண்ணையில் உட்கார்ந்தே மலையைப் பார்க்கலாம். இலைக்காலத்தில் வளாகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.

நடக்க முடிந்தவர்கள் ஜிங்கோஜி, சைமியோஜி, கோசான்ஜி என்ற வரிசையில் ஆற்றோரமாகப் போங்கள். கோயிலுக்குக் கோயில் கால் மணி நேரம். திரும்பும் பேருந்தைத் தோகானோஓவிலேயே பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். தகாவோவில் காத்திருப்பவர்களுக்கு அது நிரம்பித்தான் வரும்.

•••

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் உள்ள தேநீர்க் கடைகளின் உடோன், சோபா நூடுல்ஸ் சாற்றில் உலர்ந்த மீன் ஊறியிருக்கும், மேலே கறி போடாவிட்டாலும். பழம், ரொட்டி ஏதாவது நிலையத்திலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். குப்பையைக் கையோடு கீழே கொண்டுவர ஒரு காலி உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.