திறந்திருக்கிற எக்செல் ஃபைல் எங்க சேவ் ஆகுதுன்னு தெரியல, உதவுங்க

மண்டபம்_கணக்கு:
வணக்கம். மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனில கணக்கு பாக்குறேன். படகு வாரியா எடை, ரேட்டு, முன்பணக் கழிவு எல்லாமே ஒரே எக்செல் ஃபைல்லதான். எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் தொடங்கினது, அவர் இப்ப சவுதில. இங்க கம்ப்யூட்டரை யாரும் அணைக்கிறதே இல்ல, அந்த ஃபைலும் எப்பவும் திறந்தேதான் கிடக்கும். கண்ட்ரோல் எஸ் அடிச்சா ஒரு கேள்வியும் கேக்காம சேவ் ஆகுது. எங்க போய் உக்காருதுன்னுதான் தெரியல.

டெஸ்க்டாப்ல 'நண்டு வரவு'ன்னு அதே பேர்ல ஒரு ஃபைல் இருக்கு, ஆனா அதோட தேதி மார்ச் மாசத்தோட நிக்குது. அதை டபுள் கிளிக் பண்ணா, ஒரே பேர்ல ரெண்டு ஃபைலை ஒரே நேரத்துல திறக்க முடியாதுன்னு எக்செல் சொல்லுது. அப்ப இது வேற, அது வேறதானே? ஸ்டார்ட் பட்டன் பக்கத்துல தேடினாலும் மார்ச் ஃபைல் மட்டும்தான் வருது. அண்ணனுக்குப் போட்டுக் கேட்டா "அதுலதாம்மா இருக்கு, நல்லாப் பாரு"ங்கிறார்.

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிடுச்சுன்னு ராமநாதபுரத்துல ஒரு கடைல ஃபார்மேட்டுக்குக் குடுக்கப் போறோம். டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் காப்பி எடுத்து வச்சுத் தர்றேன்னு கடைக்காரர் சொல்லிட்டார். எனக்குப் பயமே அதுதான். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோட முடியுது, விசைப்படகு இறங்கிட்டா இதைப் பாக்க நேரம் இருக்காது.

பாம்பன்_பாலத்தடி:
மொதல்ல, ஃபைலை மூடிடாதீங்க தங்கச்சி. திறந்திருக்கிற வரைக்கும் அது தன் வீட்டு விலாசத்தைத் தானே சொல்லும். மூடினா நீங்கதான் தேடி அலையணும்.

ஃபைல் மெனுவை அழுத்தி இன்ஃபோவுக்குப் போங்க. மேல ஃபைல் பேர் பெருசா இருக்கும், அதுக்குக் கீழ சின்ன எழுத்துல எந்த டிரைவ், எந்த ஃபோல்டர்னு வரிசையா இருக்கும். புது எக்செல்லா இருந்தா அங்கேயே 'காப்பி பாத்', 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'னு பட்டன் இருக்கும். பழசுல வலது பக்கம் கீழ பாருங்க, ஓப்பன் ஃபைல் லொகேஷன் அங்க இருக்கும். அதை அழுத்தினா அந்த ஃபோல்டரே திறந்துடும்.

தொண்டி_மச்சான்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? ஃபைல் > ஆப்ஷன்ஸ் > சேவ் போனா டீஃபால்ட் லோக்கல் ஃபைல் லொகேஷன்னு ஒரு கட்டம் இருக்கும். அங்கதான் சேவ் ஆகும். பக்கத்துலயே ஆட்டோரெகவர் இடமும் இருக்கும்.

கீழக்கரை_டிடிபி:
மச்சான், அது புதுசா ஒரு ஃபைல் ஆரம்பிச்சு மொத தடவை சேவ் பண்றப்ப எக்செல் நீட்டுற இடம். ஏற்கெனவே ஒரு இடத்துல இருக்கிற ஃபைலைத் திறந்தா, திறந்த இடத்துலயேதான் திரும்ப சேவ் ஆகும். ஆட்டோரெகவர் இடம் கரண்ட் போனா காப்பாத்துறதுக்கு எக்செல் தனக்குன்னு எடுத்து வைக்கிற நகல். அதைப் போய்த் தோண்டினா இந்தப் புள்ளை இன்னும் குழம்பும்.

என் கடைல நான் பண்றது இது. காலியா இருக்கிற ஏதாவது ஒரு கட்டத்துல சமக்குறி போட்டு =செல்("ஃபைல்நேம்",ஏ1) அப்படின்னு அடிச்சு என்டர். தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. முழு வழியும் வரும். அதுக்கப்புறம் சதுர அடைப்புக்குள்ள ஃபைல் பேர், கடைசில ஷீட் பேர். அந்த ஏ1-ஐ விட்டுடாதீங்க. விட்டா, ரெண்டு மூணு ஃபைல் திறந்திருக்கிறப்ப கடைசியா எதுல கை வச்சீங்களோ அதோட விலாசத்தைக் காட்டிடும். ஒண்ணுமே வராம வெறுங்கட்டமா இருந்தா, ஃபைல் இன்னும் ஒரு தடவைகூட சேவ் ஆகலைன்னு அர்த்தம்.

யாராவது வந்து ஆல்ட் எஃப்11 அடிச்சு மேக்ரோ ஜன்னல்ல கேளுன்னு சொல்வாங்க. கேக்கலாம்தான். ஆனா உங்க ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வச்சிருக்கு. அந்த ஜன்னலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, 'நண்டு வரவு' இருக்க வேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா நிக்கும். கட்டத்துல போடுற ஃபார்முலால அந்தத் தொல்லை இல்ல.

மண்டபம்_கணக்கு:
கீழக்கரை காக்கா, அந்த ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். நீளமா ஏதோ வருது. சி டிரைவ், யூசர்ஸ், அப்புறம் கம்பெனி பேரு, ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ், அதுக்கப்புறம் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பேர். அதுக்கு நடுவுல வாட்ஸ்அப்டெஸ்க்டாப்னு இருக்கு. அதுக்கு உள்ளேயும் இன்னும் ஃபோல்டர், கடைசிலதான் [நண்டு வரவு]. இது என்ன இடம்?

மை கம்ப்யூட்டர் வழியா ஒவ்வொண்ணா உள்ள போய்ப் பார்த்தேன். கம்பெனி பேர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டான்னு ஒண்ணு இல்லவே இல்லையே?

கீழக்கரை_டிடிபி:
இருக்கு, மறைச்சு வச்சிருக்கும். ஆப்டேட்டாவை விண்டோஸ் சாதாரணமாக் காட்டாது. தேடுற வசதியும் அதை விட்டுட்டுத்தான் தேடும், யாரும் மாத்தி வைக்காத வரைக்கும். உங்களுக்கு மார்ச் ஃபைல் மட்டும் வந்தது அதனாலதான்.

நடந்தது இதுவாத்தான் இருக்கும். அந்த அண்ணன் ஃபைலை யாருக்கோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருப்பார், இல்ல அவருக்கு வந்திருக்கும். கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப்புக்குள்ள இருந்தே அதைத் தட்டித் திறந்திருப்பார். மேல மஞ்சள் பட்டை வந்திருக்கும், எனேபிள் எடிட்டிங்கை அழுத்திட்டு வேலையை ஆரம்பிச்சிருப்பார். அன்னைல இருந்து நீங்க அடிக்கிற ஒவ்வொரு கண்ட்ரோல் எஸ்ஸும் வாட்ஸ்அப் தனக்குன்னு வச்சிருக்கிற அறைக்குள்ளதான் போகுது. டெஸ்க்டாப் ஃபைல் மார்ச்லயே நின்னுபோச்சு.

கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் பண்ணா அந்த அறையும் சேர்ந்து போயிடும். கடைக்காரர் எடுக்கிற காப்பிலயும் இது வராது, அவர் டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும்தானே எடுக்கப் போறார். நீங்க கேக்காம குடுத்திருந்தா முன்பணக் கணக்கு முழுக்கக் கடல்லதான். எந்தப் படகுக்காரர் எவ்வளவு பாக்கின்னு யாரைப் போய்க் கேப்பீங்க?

பாம்பன்_பாலத்தடி:
காக்கா சொல்றது சரி. தங்கச்சி, இப்பவே எஃப்12 அடிங்க, சில லேப்டாப்ல எஃப்என் சேர்த்து அடிக்கணும். சேவ் ஆஸ் ஜன்னல் வரும். டி டிரைவ்ல நேரா 'கணக்கு'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு அடுக்க வேண்டாம். வழியும் பேரும் சேர்ந்து 218 எழுத்தைத் தாண்டினா எக்செல் ஃபைலைத் திறக்க மறுக்கும். பேரையும் கொஞ்சம் மாத்துங்க, 'நண்டு வரவு ஜூன்'னு. மார்ச் ஃபைலோட மல்லுக்கட்ட வேண்டாம் பாருங்க.

சேவ் ஆனதும் எஃப்9 அடிச்சுட்டு அந்த ஃபார்முலாக் கட்டத்தைத் திரும்பப் பாருங்க. டி டிரைவ்னு மாறியிருக்கணும். மாறினாத்தான் நிம்மதி.

தேவிபட்டினம்_ஆபீஸ்:
குறுக்கே வர்றேன். வேற எந்த ஃபைலாவது இந்த நண்டு ஃபைல்ல இருந்து தொகையை எடுக்குதான்னு பாத்துக்குங்க. எங்க ஆபீஸ்ல இப்படி ஃபைலை இடம் மாத்தினப்ப சம்பள ஷீட் பழைய இடத்தையே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்துச்சு. அப்படி ஒரு ஃபைல் இருந்தா ரெண்டையும் திறந்து வச்சுக்கிட்டு எஃப்12 அடிங்க, இணைப்பு தானே புது இடத்துக்கு மாறிடும். அதுக்கப்புறம் ரெண்டையும் சேவ் பண்ணணும்.

தொண்டி_மச்சான்:
சரி, ஒத்துக்கிறேன், ஆப்ஷன்ஸ் வேலைக்கு ஆகாது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். என் மெஷின்ல அதே ஃபார்முலாவைப் போட்டா டிரைவ் பேரே வரல, எச்டிடிபிஎஸ்னு வெப்சைட் விலாசம் மாதிரி வருது.

கீழக்கரை_டிடிபி:
உன் ஃபைல் ஒன்டிரைவ்ல இருக்கு மச்சான். நீ டெஸ்க்டாப்லதான் வச்சேன்னு சொல்லுவ. பல கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப்பையே ஒன்டிரைவுக்குள்ள இழுத்து வச்சிருக்கும். எந்த மெயில் ஐடில நுழைஞ்சிருக்குன்னு மட்டும் பாத்துக்க. வேற ஆளோட ஐடியா இருந்தா, அவர் கணக்கை மூடினா உன் ஃபைலும் அவரோட போகும்.

எக்செல்லே இல்லாம லிப்ரே ஆபீஸ் வச்சிருக்கிறவங்க ஃபைல் > ப்ராப்பர்ட்டீஸ் > ஜெனரல் போனா லொகேஷன்னு நேரா எழுதியிருக்கும். கூகுள் ஷீட்ஸ்ல தலைப்புக்குப் பக்கத்துல இருக்கிற ஃபோல்டர் படம்.

ஏர்வாடி_டீச்சர்:
இன்னொரு வழியும் இருக்கு. எக்செல் ஒரு ஃபைலைத் திறந்து வச்சிருக்கிறப்ப அதே ஃபோல்டர்ல ~$ குறியில தொடங்குற ஒரு குட்டி ஃபைலை மறைவா போட்டு வைக்கும். மூடினதும் அது காணாமப் போயிடும். மறைஞ்ச ஃபைலைக் காட்டச் சொல்லிட்டு எந்த ஃபோல்டர்ல அது நிக்குதுன்னு பாத்தா ஆள் சிக்கிடும். ஒரே ஃபைல் நாலு ஃபோல்டர்ல நகல் நகலாக் கிடக்கிற எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இதைத்தான் பண்றேன். உங்க விஷயத்துல ஃபார்முலாவே போதும்.

மண்டபம்_கணக்கு:
மாறிடுச்சு! எஃப்9 அடிச்சதும் டி டிரைவ், கணக்கு, [நண்டு வரவு ஜூன்]னு வருது. தேவிபட்டினத்துக்காரங்க சொன்ன மாதிரி ஒரு ஃபைல் இருந்துச்சு, ஐஸ் செலவு ஃபைல், அதையும் திறந்து வச்சுத்தான் பண்ணேன். எல்லாருக்கும் நன்றி. அந்த வாட்ஸ்அப் ஃபோல்டர்ல இருக்கிறதை இப்ப அழிச்சிடவா? ரெண்டு இருந்தா மறுபடி குழம்பிடுவேன்.

பாம்பன்_பாலத்தடி:
அதுல கை வைக்காதீங்க. புது ஃபைலை ஒருக்கா மூடித் திறந்து, நேத்து ஏத்தின கடைசிப் படகு எடையும் மொத்தத் தொகையும் சிட்டையோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. அப்புறம் எக்செல்லை மூடிட்டு பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து உங்க கையில வச்சுக்குங்க. டி டிரைவ்ல இருக்கேன்னு நம்பிடாதீங்க. கடைல சில பேர் முழு டிஸ்க்கையும் வழிச்சுட்டுத்தான் புதுசா விண்டோஸ் போடுவாங்க, டி-யைத் தொட வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல கிடக்கிறது ஃபார்மேட்ல தானாப் போயிடும்.