ஜிப்சம் கொட்டியும் மாறாத களர்: குற்றம் யார் மேல்?

பாகூர்க்காரன்:
ஒரு காணி, அதாவது சுமார் 1.3 ஏக்கர் நிலம், சுத்தக் களிமண். காய்ந்தால் கடப்பாரை வேண்டும், நனைந்தால் கால் வைக்க முடியாது. மழை விட்டு மூன்று நாள் ஆனாலும் வயலில் நிற்கிற தண்ணீர் டீ மாதிரி கலங்கியே கிடக்கும், நாற்று திட்டுத் திட்டாகக் காய்கிறது. மண் பரிசோதனையில் பி.எச்., அதாவது காரத்தன்மை அளவு, 9.1. ஜிப்சம் போடு என்றார்கள், போன சம்பாவுக்கு முன் நான்கு மூட்டை, 200 கிலோ போட்டேன். மயிரிழை மாற்றம் இல்லை. ஜிப்சத்தால் விற்கிறவனுக்குத்தான் லாபம் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

புவனகிரி மண்வெட்டி:
மறுக்கிறேன் அண்ணே. நீங்கள் போட்டது மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) மண் அணைக்கும்போது போடுகிற கணக்கு, ஹெக்டேருக்கு 400 கிலோ, அது காய் திரள்வதற்கு. களர் என்பது சோடியம் ஏறிக் கெட்ட மண், ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம்தான் அந்தச் சோடியத்தை விரட்ட வேண்டும். அதற்கு இந்த அளவு யானைப் பசிக்குச் சோளப்பொரி. மண் கொடுத்தபோது பி.எச். மட்டும் பார்த்தார்களா, "ஜிப்சம் தேவை எவ்வளவு" என்று தனியாகக் கேட்டீர்களா? அந்தத் தேவையில் பாதி போட்டால் நெல்லுக்குப் போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பாதியே பெரும்பாலும் டன் கணக்கில் வரும்.

சிதம்பரம் பசுந்தாள்:
டன் கணக்கில் வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? எங்கள் வயலும் இதே ரகம்தான், ஜிப்சம் ஒரு பிடி கூடப் போடவில்லை. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு, அதுதான் பசுந்தாள் உரச் செடி, விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதேன், மூன்று வருடம் விடாமல். இப்போது ஏர் பிடிக்கிறது. மண்ணிலேயே சுக்கான் கிடக்கிறது, அது சுண்ணாம்புதானே. தழை மக்கும்போது வருகிற அமிலம் அதைக் கரைத்துக் கால்சியத்தைக் கொடுக்கும். வெளியே இருந்து எதற்கு வாங்க வேண்டும்?

புவனகிரி மண்வெட்டி:
சொல்வது தப்பில்லை. ஆனால் சுக்கான் இருக்கிற மண்ணுக்குத்தான் அது பொருந்தும், அதுவும் மெதுவாக. மூன்று வருடம் காத்திருக்க உங்களால் முடிந்தது, குத்தகைக்காரன் என்ன செய்வான்?

கிள்ளை உப்பங்கழி:
எல்லாரும் களர் களர் என்கிறீர்கள், எனக்கென்னவோ அது உவர், அதாவது வெறும் உப்பு ஏறிய நிலம் மாதிரித் தெரிகிறது. 2004 சுனாமியில் எங்கள் வயலில் கடல் தண்ணீரே ஏறியது, இரண்டு மழைக்காலம் கழுவியதும் தேறிவிட்டது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மண்கட்டி போட்டுப் பார், கலங்கினால் களர் என்று சொல்வார்களே, அதையும் இங்கே இரண்டு கட்டியில் செய்து பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே நின்றது. பாகூர் அண்ணனும் மழையை நம்பித் தேக்கி வடித்தால் போதும்.

புவனகிரி மண்வெட்டி:
டம்ளரில் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?

கிள்ளை உப்பங்கழி:
போர் தண்ணீர்தான். வேறென்ன?

புவனகிரி மண்வெட்டி:
அங்கேதான் கோளாறு. உப்புத் தண்ணீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கலங்காது. மழைத் தண்ணீரிலோ பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரிலோ போட்டுப் பார்க்க வேண்டும். துகள் மேல் ஒட்டியிருக்கிற நேர்மின் சத்துகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டி, பி.எச். 8.5க்கு மேல் போய், உப்பளவு, அதாவது இ.சி. 4க்குக் கீழே இருந்தால் அதுதான் களர். நல்ல தண்ணீர் பட்டதும் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும், அதனால்தான் தண்ணீர் கலங்கி நிற்கிறது, கீழே இறங்குவதில்லை, காய்ந்ததும் பொருக்குத் தட்டுகிறது. கால்சியம் கொடுக்காமல் மழையில் மட்டும் கழுவினால் உப்பு போய் சோடியம் அப்படியே இருக்கும், நிலம் இன்னும் கெடும். உங்களுடையது மணல் கலந்த நிலமாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தது.

கிள்ளை உப்பங்கழி:
மணல்பாங்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இ.சி. தெரியாமல் நீங்களும் களர் என்று அடித்துச் சொல்லக்கூடாது.

பாகூர்க்காரன்:
சண்டை போதும், மண் பரிசோதனைச் சீட்டு கிடைத்தது: இ.சி. 1.2. டம்ளரும் வைத்துப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் அரை மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிப் படர்ந்துவிட்டது, போர் தண்ணீரில் அந்த அளவு இல்லை. சரி, களரே. அளவு கம்மி என்பதையும் ஏற்கிறேன்.

சிதம்பரம் பசுந்தாள்:
அண்ணே, உங்கள் போர் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். அதில் பைகார்பனேட் கூடுதலாக இருந்தால் நீங்கள் போடுகிற கால்சியத்தை அது சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும், ஜிப்சம் வண்டி வண்டியாக வந்தாலும் வீண். இதில் மட்டும் மண்வெட்டியோடு எனக்குச் சண்டை இல்லை.

புவனகிரி மண்வெட்டி:
ஆமாம். வயலைச் சமன் செய்து, ஜிப்சத்தைப் பரப்பிச் சேறடித்து, ஒரு நாளாவது தண்ணீர் கட்டி, அப்புறம் வடித்துவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் சோடியம் சல்பேட் வெளியே போகும். பிறகு தக்கைப்பூண்டு. நெல் போட்டால் திருச்சி 3 மாதிரிக் களர் தாங்கும் ரகம், ஜிங்க் சல்பேட் ஹெக்டேருக்கு 25க்குப் பதில் 37.5 கிலோ. வடிகால் இல்லாவிட்டால் இது எதையும் ஆரம்பிக்காதீர்கள். வடிக்கிற தண்ணீர் கீழ் வயலில் போய் நிற்கக்கூடாது, வாய்க்காலுக்குப் போக வேண்டும்.

பாகூர்க்காரன்:
வாய்க்கால் கீழ் வயலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்த வயல்காரரோடு வரப்புத் தகராறில் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன், வெற்றிலை பாக்கோடு.