ஆழமானி 0.6 மீட்டரிலேயே நிற்கிறது, டிரான்ஸ்டியூசரைப் பெயர்த்து ஒட்ட வேண்டுமா?

கேள்வி:
பினாங்கு, பத்து உபான் பக்கம் நிற்கிறது என் 24 அடி பாய்மரப் படகு, ஃபைபர் உடல். அடியில் ஓட்டை போட மனம் வராமல் ஆழமானியின் 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை (ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பு) உள்ளேயே, முன்கட்டிலுக்கு அடியில், சிலிக்கான் வைத்து ஒட்டினேன். திரையில் 0.6 வந்து நிற்கிறது, சில நேரம் வெறும் கோடு மின்னுகிறது. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தால் 3.8 மீட்டர். ஜெரெஜாக் தீவைச் சுற்றும்போது, அதுவும் வற்று நேரத்தில், கீல் (படகின் அடியில் நீட்டி நிற்கும் துடுப்பு போன்ற பகுதி) சேற்றில் உரசுமோ என்று பயமாக இருக்கிறது, பிள்ளைகளும் கூட வருகிறார்கள். கருவி பழுதா, ஒயரா, ஒட்டினதில் தப்பா?

பதில்:
தம்பி, புதுசு வாங்க ஓடாதீர்கள். டிரான்ஸ்டியூசரைப் பெயர்த்து, முகம் கீழே பார்க்க, படகுக்கு வெளியே தண்ணீரில் அமிழ்த்துங்கள். 3.8 காட்டினால் கருவியும் ஒயரும் சரி. அப்புறம் கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, காற்றில்லாமல் முடிந்து, படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன்மேல் பையை வைத்து, டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடியுங்கள். எந்த இடத்தில் ஆழம் சரியாக வருகிறதோ அங்கேதான் ஒட்ட வேண்டும்.

கேட்டவர்:
செய்தேன் அண்ணே. வெளியே 3.8. பையை வைத்தபோது முன்பக்கம் வரவில்லை, கீலுக்கு ஓரடி முன்னால் வந்தது! பெயர்த்த சிலிக்கானில் மிளகு மிளகாகக் குழி, நடுவில் பத்து காசு அகலத்துக்கு வெற்றிடம்.

பதில்:
அந்தக் குழிதான் காரணம். ஒலி காற்றைத் தொட்டதும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும், கடலடிக்குப் போகவே போகாது. முன்பக்கத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், மந்தமாகக் கேட்டால் உள்ளே பால்சா மரமோ ஃபோமோ இருக்கலாம், அதன் வழியாகவும் ஒலி போகாது. கெட்டி ஃபைபர் உள்ள இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பசையை நுரை வராமல் கலக்கி ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் வேகமாக இறுகும் வகை கொதித்துக் குமிழ் விடும். டிரான்ஸ்டியூசரைச் சாய்த்து இறக்கி, லேசாகத் திருகி அமர்த்துங்கள்.

கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை ஊற்றுகிறேன். கீலுக்குக் கீழே உள்ள ஆழம் தெரிய என்ன செய்ய?

பதில்:
டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் கீழே, கீலின் நுனி 1.2 கீழே என்றால் ஆழமானியின் ஆஃப்செட்டில் (காட்டும் ஆழத்தோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டிய அளவு) மைனஸ் 0.9 போடுங்கள். உங்கள் படகை நீங்களே அளந்து பாருங்கள், என் கணக்கை அப்படியே போடாதீர்கள். போட்டதும் ஈயக்குண்டை இறக்கி ஒருமுறை ஒப்பிடுங்கள், பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.