மாக்கியவல்லி பயமுறுத்தி ஆளத்தான் சொன்னாரா?

வவுனியா மாணவி:
உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். குறிப்பில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரசியல் எழுத்தாளர் மாக்கியவல்லியை ‘மக்களைப் பயத்தில் வைத்து ஆளச் சொன்னவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உண்மையில் என்ன சொல்கிறார்? அந்தக் காலத்தில் வேறுமாதிரி யாரும் எழுதவில்லையா?

கிளிநொச்சி ஆசிரியர்:
பிள்ளை, அவர் ஆட்சியாளருக்காக எழுதிய ‘இளவரசன்’ நூலின் 17ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். அன்பும் அச்சமும் சேர்ந்து கிடைக்காவிட்டால் அச்சமே பாதுகாப்பு என்கிறார், சரி, ஆனால் சனம் வெறுக்கும்படி நடக்காதே என்பதில்தான் அவருக்குக் கவலை அதிகம். குடிகளின் சொத்திலும் பெண்களிலும் கை வைத்தால் வெறுப்பு வரும், தகப்பன் செத்ததைக்கூட மனிதர் சீக்கிரம் மறப்பார்கள், முதுசம் பறிபோனதை மறக்க மாட்டார்கள் என்று எழுதுகிறார். 1512இல் முன்பு ஆண்ட மெடிச்சி குடும்பம் அவருடைய ஊரான புளோரன்சுக்குத் திரும்பியதும் அரசுப் பதவி போய், அடுத்த வருடம் சிறையும் சித்திரவதையும் பட்ட மனிதர் அவர். 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுச் சனம் படையினரிடம் இருந்த தங்கள் காணியைக் கேட்டு வீதியோரம் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரம் லேசில் விளங்கும்.

முள்ளியவளை வாசகி:
சேர், காணி விஷயம் சரி. தகப்பன் கதையை நான் ஏற்கமாட்டேன். அதே 2017 மாசியில் உங்கள் கிளிநொச்சியிலேயே, கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்களே, அவர்கள் யாரை மறந்தார்கள்? காணியை விட்டால் போதும், பிள்ளை எங்கே என்று கேட்கமாட்டார்கள் என ஒரு ஆட்சியாளன் இந்த வரியை நம்பி நினைத்தால் அது பெரிய பிழை.

குளத்தடிக் கமக்காரன்:
வேறு யார் என்று கேட்டீர்கள் தங்கச்சி. பின்னாளில் பேரரசன் ஐந்தாம் சார்ல்ஸ் ஆன இளைஞனுக்கு 1516இல் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் ஒரு நூல் எழுதினார்: போரைத் தவிர், தானியம், துணி போல ஏழைகள் பாவிக்கிற சாமானுக்கு வரியைக் கூட்டாதே என்று. அதே காலத்தில் விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் (1509–1529) தெலுங்கில் ஆண்டாள் கதையைப் பாடிய ‘ஆமுக்தமால்யதா’வில் அரசநீதிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நாடு சிறிதென்றாலும் குளமும் வாய்க்காலும் வெட்டி, ஏழைக் குடியானவனுக்குக் குறைந்த வரியில் நிலம் கொடு, அவனும் எழும்புவான், உன் களஞ்சியமும் நிறையும் என்கிறார். மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். ஆனால் சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைப்பதென்று குளத்துத் தண்ணீரைப் பார்த்து, கூட்டத்தில் வாதாடி முடிவெடுக்கிற எங்களுக்கு ஒரு குறை தெரியும்: அங்கே கொடுப்பதும் தீர்மானிப்பதும் ராஜா ஒருவர்தான், குடிகளை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் மாக்கியவல்லி முந்துகிறார். உரோமைக் குடியரசைப் பற்றி அவர் எழுதிய மற்ற நூலில், மக்கள் அரசனைவிட விவேகமும் நிதானமும் உள்ளவர்கள் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். சோதனையில் கேள்வி வந்தால் அதையும் எழுதுங்கள்.