பெரிய எண்ணுக்குப் புரோகிராம் பிழையாக விடை தருது, அவசர உதவி

வந்தாறுமூலைப் பொடியன்: நாளைக்கு ஒப்படை குடுக்க வேணும். முதன்மை எண்ணா என்று பார்க்கிற புரோகிராம் எழுதினேன். சின்ன எண்களுக்கெல்லாம் சரி. கடைசியாகத் தந்த பெரிய எண்ணுக்கு 'முதன்மை' என்று வருது, சேர் இல்லை என்கிறார். எங்க பிழை?

வாவிக்கரை: எந்த எண்? எந்த மொழி? கோட் எங்க? சாத்திரம் பார்த்தா சொல்றது?

மாமாங்கம்: போனில் ஓடுற கம்பைலராக இருக்கும் தம்பி. நான் அதை நம்புவதே இல்லை.

பழைய கணக்கு: உயர்தர ஐசிடி பிள்ளை போல. பைத்தன்தானே? அதில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு கிடையாது, ஆகவே பிழை உங்கள் லூப்பில். வகுப்பில் கவனித்திருந்தால் இங்கே வரத் தேவையில்லை.

வந்தாறுமூலைப் பொடியன்: பைத்தன் இல்லை, சி. கம்பஸ் முதலாம் வருசம். எண் 4294967297. அதை வைத்திருக்கிற மாறி (variable) இன்ட் (int) வகை. 2 இலிருந்து, வகுக்கிற எண்ணின் வர்க்கம் அதைத் தாண்டும்வரை வகுக்கிறேன்.

வாவிக்கரை: இதை முதலே சொல்லியிருக்கலாமே. இன்ட் 2147483647 வரைதான் பிடிக்கும். உங்கட எண் 2 இன் 32 ஆம் வலுவோடு 1. இன்ட்டில் 32 பிட் (இரும இலக்கம்) தான், அதனால மேல் பிட் வெட்டுப்பட்டு மிஞ்சுவது வெறும் 1. லூப்புக்குள்ள போகவே போகாது, நேரே 'முதன்மை' என்று அச்சடிக்கும். கம்பைல் பண்ணும்போது எச்சரிக்கை வரவில்லையா?

வந்தாறுமூலைப் பொடியன்: மஞ்சளில் ஏதோ ஓடினது.

மாமாங்கம்: பொறுங்க, சேர்தான் பிழை போல. 3, 5, 17, 257, 65537 எல்லாம் இதே வகை (2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுவோடு 1), எல்லாம் முதன்மை. அடுத்தது இதுதானே? கணித மேதை ஃபெர்மாவே அப்படித்தான் சொன்னார்.

பழைய கணக்கு: ஃபெர்மா நம்பினார், நிறுவவில்லை. 1732 இல் ஒய்லர் என்ற கணிதர் 641 ஆல் வகுத்துக் காட்டிவிட்டார். அடிப்படை தெரியாமல் எழுத வேண்டாம்.

காத்தான்குடிக் காக்கா: கெசியோ கல்குலேட்டரில் காரணி பிரிச்சா 641×(6700417) என்று வருது. அடைப்புக்குறி இருந்தா அது முதன்மை இல்லைத்தானே?

பழைய கணக்கு: இல்லை. மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட காரணியை அது தேடாது, அவ்வளவுதான். 6700417 முதன்மைதான்.

காத்தான்குடிக் காக்கா: அப்ப தேடலை என்று சொல்ற மிசினை வச்சு முதன்மை என்று எப்படிச் சொல்றீங்க?

பழைய கணக்கு: மிசினை வைத்துச் சொல்லவில்லை.

மாமாங்கம்: அது கிடக்கட்டும். கல்குலேட்டர் இல்லாத காலத்தில் 641 எப்படி அகப்பட்டது?

வாவிக்கரை: அதுதான் ருசியான இடம். இந்த எண்ணின் எந்த முதன்மைக் காரணியையும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று ஒய்லர் கண்டார். அப்படி வரும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதில் ஆள் பிடிபட்டுட்டார். வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5×128+1, அதுவே 625+16 உம். முதலாவதின்படி, 641 ஆல் வகுக்கையில் 5×128 உம் −1 உம் ஒரே மீதிதான் தரும். நான்காம் வலு எடுத்தால், 2 இன் 28 ஆம் வலுவை 625 ஆல் பெருக்கியது 1 ஆகும். 625 க்குப் பதில் −16 போடுங்க, 2 இன் 32 ஆம் வலு −1 ஆகிவிடும். ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம்.

காத்தான்குடிக் காக்கா: அடைப்புக்குறிக்கு இன்னும் பதில் வரலை.

வாவிக்கரை: காக்கா, 6700417 இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணி எதுவும் 4294967297 இன் காரணியும்தானே, ஆகவே 64 ஆல் மீதி 1 வரும் முதன்மைகளை அதுவரை வகுத்துப் பாருங்க, ஒன்றும் போகாது. தம்பி, மாறியை லோங் லோங் (long long, இன்ட்டைவிடப் பெரிய எண் பிடிக்கிற வகை) ஆக்குங்க. வகுக்கிற மாறியையும் சேர்த்துத்தான். இந்த எண் 641 இலேயே நிற்பதால் தப்பும், வேறு எண்ணில் 46340 ஐத் தாண்டினால் வர்க்கம் இன்ட்டுக்குள் அடங்காது.

வந்தாறுமூலைப் பொடியன்: 641 வந்துட்டு. நன்றி அண்ணே.

வாவிக்கரை: இரண்டு மாறியையும் மாத்தினீங்களா?